இடைவேளைக்குப் பிறகு வரும் பாட்டு

மர்வின் லிப்மன் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு சிங்க்கில் கொட்டினார். எண்பத்திரண்டு வயதுக்காரர் நியூயார்க்கில் சினிமாவுக்குப் போவதென்றால் ஏறக்குறைய ஆபரேஷனுக்குப் போகிற மாதிரிதான் தயாராக வேண்டியிருக்கிறது. படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடுமாம். நடுவே இடைவேளை கிடையாது. மேடையில் நாடகம் நடத்துகிறவர்களுக்கு மனிதனுக்கு மூத்திரப்பை என்று ஒன்று உண்டு என்பது தெரியும். சினிமாக்காரர்கள் அதை எப்போதோ மறந்துவிட்டார்கள்.

ஆனால் அவருடைய பயம் அதைப் பற்றியதல்ல. அது சும்மா மேலாக மிதக்கிற பயம். அடியில் இரண்டு பெரிய பயங்கள் கிடந்தன.

வழக்கமான நேரத்துக்குப் பக்கத்துக் குடியிருப்பின் கதவைத் தட்டினார்.

"மிஸ் டெலானி, அரை மணி."

நாடகக்காரர்கள் மட்டுமே குடியிருக்கும் அந்தக் கட்டடத்தில் இப்படி யாராவது கூவினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நியூயார்க்கின் நாடகத் தெருவான பிராட்வேயில், திரை எழுவதற்கு அரை மணி முன்னாலும் ஐந்து நிமிஷம் முன்னாலும் மேடை நிர்வாகி ஒவ்வொரு ஒப்பனை அறையாகத் தட்டி நேரம் சொல்லிக்கொண்டு போவார். உள்ளே இருக்கிறவர் நன்றி சொல்லி, அந்த நேரத்தையும் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாதவரை நிர்வாகி கதவைவிட்டு நகரமாட்டார். பதில் சொல்லிவிட்டால் 'காதில் விழுந்தது, நேரத்துக்கு மேடையில் நிற்பேன்' என்று அர்த்தம். பதில் சொல்லிவிட்டு வராமல் போனவர் யாரையும் மர்வின் கேள்விப்பட்டதில்லை. கோரா டெலானி ஒருமுறை கணுக்கால் எலும்பு முறிந்த காலோடு வந்து நின்றாள்.

அவளுடைய இதயம் மக்கர் பண்ண ஆரம்பித்ததிலிருந்து தினமும் காலையில் மர்வின் இப்படித் தட்டுகிறார். "உயிரோடிருக்கிறாயா" என்று கேட்பதைவிட இது நாகரிகம்.

பதில் வரவில்லை. வராத அந்தச் சில விநாடிகளில் தினமும் அவர் கதவில் காதை ஒட்டவைத்துக்கொள்கிறார்.

"நன்றி, அரை மணி," என்றது உள்ளிருந்து ஒரு கரகரப்பு. "கதவ ஒடச்சிராதயா. வாடகை வீடு."

அப்பாடா.

கதவைத் திறந்தது யெசேனியா. கோராவைப் பார்த்துக்கொள்ள வரும் டொமினிகன் பெண். முகம் சரியில்லை.

"சார், நேத்து ராத்திரி ரெண்டு தடவ மூச்சு வாங்குச்சு. நான் வேணாம்னுதான் சொல்றேன். இந்தக் குளிர்ல, அவ்ளோ நேரம் உக்காந்துக்கிட்டு."

"நீ சொன்னா கேக்கறாளா?"

"நீங்க சொன்னா கேப்பாங்கன்னு பாத்தேன்."

"நான் சொன்னா நேர் எதிரா செய்வா. அறுபத்தெட்டாம் வருஷத்துலேர்ந்து அப்படித்தான்."

உள்ளேயிருந்து கோரா வந்தாள். ஊதா நிறக் கோட்டு, உதட்டில் சாயம், கையில் தடி. எண்பத்தைந்து வயதிலும் ஒரு கதவு வழியாக வருவதை அவள் சும்மா செய்வதில்லை. வாசலில் ஒரு நொடி நின்று, கைதட்டலுக்கு இடம் விட்டுத்தான் வருவாள்.

"என்ன சதி பண்றீங்க ரெண்டு பேரும்? டாக்டர்தான் சொல்லிட்டானே. வசந்தத்துக்கு அந்தப் பக்கம் பெரிய பிளான் எதுவும் போடாதீங்க மேடம்னு. இன்னிக்கு மத்தியானம் போட்டிருக்கேன். வசந்தத்துக்கு இந்தப் பக்கம்தான?"

இது முதல் பயம். இரண்டாவது பயத்தைச் சொல்வதற்கு 'மீன்சந்தை ராணி'யைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அது ஐம்பது வருஷத்துக்கு மேல் பழைய பாட்டு நாடகம். ஆற்றோரச் சந்தையில் மீன் விற்கும் பெண்ணாகக் கோரா, அவள் கடைக்குப் பனிக்கட்டி போடுகிறவனாக மர்வின். வாரத்துக்கு எட்டு ஆட்டம் வீதம் வருஷக்கணக்கில் ஓடியது. அத்தனை ஆட்டத்திலும் மேடையில் அவளைக் காதலித்த மர்வின், திரை விழுந்ததும் சண்டை போடப் போய்விடுவார். கடைசிச் சுரத்தை அவர் தேவைக்கு மேல் இழுக்கிறார் என்பது அவள் புகார். அவர் இழுக்க ஆரம்பித்தால் அவள் பாவாடைக்கு அடியில் குதிகாலால் அவர் கால்விரலை மிதிப்பாள். இருவரும் நடுவில் பல வருஷம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்தார்கள். பிறகு முதுமை வந்து, அடுத்தடுத்த வீடுகளில் கொண்டுவந்து போட்டது.

இவ்வளவிலும் மிஞ்சியது என்ன? கீறல் விழுந்த ஓர் இசைத்தட்டு, சில புகைப்படங்கள். அவர்கள் ஆடியதையோ நின்றதையோ யாரும் படம் பிடித்து வைக்கவில்லை. பார்த்தவர்கள் பாதிப் பேர் செத்துப்போனார்கள், மீதிப் பேருக்கு மறந்துபோயிற்று. நாடகம் என்பது தினமும் ராத்திரி சமைத்து அங்கேயே தின்று தீர்க்கிற சோறு. பாத்திரம்கூட மிஞ்சாது.

அப்படி இருக்கையில்தான் அதைப் படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பிறகு இயக்குநரே வந்தான், தாடி வைத்த பொடியன். பழைய மேடை நாடகத்தைப் படமாக்கும்போது அதில் முதலில் நடித்தவர்களை எங்காவது ஓர் ஓரத்தில் காட்டுவது அந்தத் தொழிலில் ஒரு மரியாதை. கௌரவத் தோற்றம். ஆற்றங்கரைப் பலகையில் ஒரு கிழவனும் கிழவியும் பொரித்த மீன் தின்றுகொண்டிருப்பார்கள். இளம் ஜோடி 'பனி உருகுமுன்னே' பாட்டைப் பாடிக்கொண்டு கடந்துபோகும். கடைசி அடியை மட்டும் கிழவனும் கிழவியும் பாடி முடிப்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் புரூக்ளினில் ஒரே நாளில் எடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுக்கவேண்டியிருந்தது. மர்வின் சுரத்தை இழுத்தார், கோரா மிதித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. படத்தின் முன்னோட்டத்தில் இவர்கள் முகம் வரவில்லை. சரி, முன்னோட்டத்தில் எல்லாரும் வரமுடியுமா? போன வாரம் சிவப்புக் கம்பளம் விரித்து முதல் காட்சி நடந்தது. அதற்கும் அழைப்பு வரவில்லை. அப்போதுதான் மர்வினை அந்த இரண்டாவது பயம் பிடித்தது. வெட்டிவிட்டோம் என்று யாரும் போன் பண்ணிச் சொல்வதில்லை. அழைப்பு வராது, அவ்வளவுதான். தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

கோராவிடம் அவர் சொன்னது வேறு. "அழைப்பு வந்துச்சு. ராத்திரி ஷோ. ஒனக்கு ஆகாதுன்னு நானே வேணாம்னுட்டேன்."

"பெரிய மனுஷன்தான்யா நீ," என்று மட்டும் அவள் சொன்னாள்.

டாக்ஸியில் போகும்போது கோரா திடீரென்று அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"லிப்மன், ஒரு சத்தியம் பண்ணு."

"என்ன?"

"என்ன ஆனாலும் சரி, நம்ம சீன் முடியறதுக்கு முன்னாடி என்ன வெளில தூக்கிட்டுப் போகக்கூடாது."

"ஒனக்கு என்ன ஆகப்போவுது?"

"செத்தாலும்னு வச்சுக்கயேன்."

"செத்தா எப்படி சீனப் பாப்ப?"

"அது என் பிரச்சன. நீ சத்தியம் பண்ணு."

முன் சீட்டிலிருந்த யெசேனியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். மர்வின் சத்தியம் பண்ணினார். பண்ணும்போதே, அந்த சீன் படத்தில் இல்லாவிட்டால் இந்தச் சத்தியம் எப்போது முடியும் என்று ஒரு யோசனை வந்து அவரைப் பயமுறுத்தியது.

தியேட்டருக்குள் யெசேனியா வரமாட்டேன் என்றுவிட்டாள். அவளுக்குப் பாட்டுப் படம் ஆகாது. "நல்லா பேசிக்கிட்டே இருக்காங்க, திடீர்னு பாட ஆரம்பிக்கறாங்க. எனக்கு வெக்கமா இருக்கும் சார். நான் வெளிலயே உக்காந்திருக்கேன். ஏதாவதுன்னா ஒரு மெசேஜ் போடுங்க, ஓடி வந்துருவேன். அப்பப்ப கையப் புடிச்சுப் பாத்துக்குங்க."

வேலை நாள் மதியம், ஆனாலும் அரங்கு நிறைந்திருந்தது. பாதிப் பேர் இளசுகள். தகரத்தாளில் மீன் செய்து கிரீடமாகச் சூடியிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண், கிரீடத்தோடு மீன்காரி ஏப்ரனும் கட்டிக்கொண்டு, இது நான்காவது முறை என்று பக்கத்து ஆளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலாவது தடவையாம்," என்றார் மர்வின்.

"சின்ன வயசு. நேரம் கொட்டிக் கெடக்கு," என்றாள் கோரா.

விளக்கு அணைந்தது. இசை எழுந்தது. அந்த முதல் வயலின் இழைக்கே மர்வினின் முழங்காலிலிருந்து கழுத்துவரை புல்லரித்தது. அதுதான் இந்தச் சனியன் பிடித்த பாட்டு நாடகங்களின் சூட்சுமம். எத்தனை திட்டினாலும் உடம்பு கேட்பதில்லை. மேடையில் அவர்களுக்கு ஆறு என்றால் ஒரு நீலத் துணி. இரண்டு பையன்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஆட்டுவார்கள். இங்கே நிஜ ஆறு ஓடியது. நிஜக் கப்பல், நிஜப் பனி, ஆயிரம் பேர் கூடைகளைத் தலைக்குமேல் தூக்கிப்போட்டுப் பிடித்தார்கள். முன் வரிசைப் பெண் சத்தமில்லாமல் ஒவ்வொரு வரிக்கும் வாயசைத்தாள். இவள் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன பாட்டு என்று அவர் நினைத்திருந்தார். அது அவள் வாயில் உட்கார்ந்திருந்தது. மர்வினுக்குக் கண் கலங்கிற்று. தண்ணீர் குடிக்காத உடம்பில் இது எங்கிருந்து வருகிறதென்று ஆச்சரியப்பட்டார்.

இரண்டாவது பாட்டில் கதாநாயகி வந்தாள். கோராவின் பாட்டு. கோரா ஒருமுறை செருமினாள், காதுப்பக்கம் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள், சாய்ந்து உட்கார்ந்தாள்.

நாடகக்காரனுக்குக் கடிகாரம் தேவையில்லை. நெடுஞ்சாலையில் போகிறவன் ஊர்ப் பெயர்களைப் பார்த்துத் தூரம் சொல்கிற மாதிரி, பாட்டுகளை வைத்தே மர்வினால் நேரம் சொல்லமுடியும். இது நண்டுப் பாட்டு. அடுத்தது மாமன்காரன் பாட்டு. அதற்கப்புறம் சந்தைச் சண்டை. கடைசியில் சந்தை தீப்பிடித்து எரிய, நாயகி பீப்பாய்களின்மேல் ஏறி நின்று பாட, திரை விழும். இடைவேளை. இடைவேளை முடிந்து வந்ததும் 'பனி உருகுமுன்னே'. ஆக, படத்தின் பாதிக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம் நம்ம சீன். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தார்.

ஆனால் ஊர்கள் வரத் தாமதமாயின. நண்டுப் பாட்டு மேடையில் ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம். இங்கே நாயகன் பாட்டின் நடுவில் குதிரை ஏறினான், பாலம் கடந்தான், ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றினான். காமிரா மேலே போய் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. மாமன்காரனுக்கு மேடையில் இல்லாத ஒரு சின்ன வயசும், சின்ன வயசுக்கு ஒரு தனிப் பாட்டும் கொடுத்திருந்தார்கள். மர்வின் கைக்கடிகாரத்தைத் திரையின் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. சந்தைச் சண்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

இனி மிச்சமிருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குள் சண்டை, தீ, அப்புறம் முழு இரண்டாம் பாதி, கல்யாணம், சாவு எல்லாம் வரவேண்டும். எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது. ஒரே ஒரு வழிதான் உண்டு. இரண்டாம் பாதியைக் கொத்துக்கறி போட்டிருக்கிறார்கள். அப்படிக் கொத்துகிறவன் கைக்கு முதலில் அகப்படுவது எது? ஆற்றங்கரையில் மீன் தின்கிற கிழடுகள்.

நம்ம சீன் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது. இனிமேல் இவளிடம் எப்படிச் சொல்வது? இந்த ஒன்றுக்காகத்தான் இவள் இத்தனை மாதமாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். படம் முடிந்து விளக்கு எரியும்போது இவள் முகத்தைத் தன்னால் பார்க்கமுடியுமா?

அப்போதுதான் யெசேனியா சொன்னது நினைவுக்கு வந்து, இருட்டில் துழாவிக் கோராவின் கையைப் பிடித்தார்.

கை ஐஸாக இருந்தது.

அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையை மெல்ல அழுத்தினார். பதிலுக்கு அழுத்தவில்லை. நாடி பார்க்க மணிக்கட்டைத் தேடினார். துடிப்பது அவளுடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை. அவள் விரல்கள் இறுக மூடி முஷ்டியாக இருந்தன. பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை.

குனிந்து அவள் காதருகே சொன்னார்:

"மிஸ் டெலானி. அஞ்சு நிமிஷம்."

கொஞ்சம் உரக்க, "மிஸ் டெலானி, அஞ்சு நிமிஷம்."

"ஷ்ஷ்," என்றாள் பின் வரிசையில் ஒருத்தி. "பெரியவரே, வீட்ல போய் டைம் பாத்துக்குங்க."

திரையில் சந்தைச் சண்டை ஆரம்பித்தது. விலாங்கு மீன்கள் பறந்தன, அரங்கம் சிரித்தது. அத்தனை சிரிப்புக்கு நடுவில் மர்வின் அவள் கையை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருஷத்தில் அந்தக் கூவலுக்கு அவள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. சண்டையில் பேசாமலிருந்த வருஷங்களில்கூட, எந்த மேடை நிர்வாகி கூவினாலும் தவறாமல் நன்றி சொல்லியிருக்கிறாள்.

சட்டைப்பையில் போன் இருந்தது. ஒரு சொல் போதும், யெசேனியா வந்துவிடுவாள். விளக்கு, ஆட்கள், ஸ்ட்ரெச்சர். கோரா உயிரோடிருந்தால் ஒருவேளை காப்பாற்றுவார்கள். ஆனால் சத்தியம்? இரண்டாம் பாதியைக் கொத்தினவன் ஒருவேளை அந்த ஒரு துண்டை விட்டுவைத்திருந்தால்? ஒரே ஒரு அடி. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிடுகிற அடி. அதற்கு முன்னால் அவளை வெளியே கொண்டுபோனால் அவள் மன்னிக்கமாட்டாள். பிழைத்து எழுந்து வந்து திட்டுவாள்.

இன்னும் கொஞ்சம் பொறுப்போம் என்று நினைத்தார். இந்தச் சண்டை முடியட்டும்.

பொறுத்தார். பிறகு அவருக்கே ஒன்று உறைத்து, உடம்பு கூசியது. பொறுப்பது அவளுக்காகவா? வெளியே போனால் அந்த சீனைத் தவறவிடப்போவது அவரும்தான். தன் மூஞ்சியை அவ்வளவு பெரிய திரையில் பார்க்க ஆசைப்பட்டு, செத்துக்கொண்டிருப்பவள் கையைப் பிடித்துக்கொண்டு, மீன் பறக்கிற வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோமோ? சுரத்தை இழுக்கிற பயல் என்று அவள் சொன்னது சரிதான். எதையும் உரிய நேரத்தில் விடத் தெரியாத பயல்.

போனை எடுத்தார். வெளிச்சத்தைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு, 'வா' என்று மட்டும் அடித்து அனுப்பினார்.

போகட்டும். சீன் போகட்டும். இத்தனை வருஷம் இல்லாமல்தானே இருந்தோம்.

திரையில் தீப்பிடித்தது. பனிக்கட்டிக் கிடங்கு எரிந்து ஆவியாக எழுந்தது. நாயகி பீப்பாய்களின்மேல் ஏறினாள். மர்வின் கோராவின் குளிர்ந்த முஷ்டியை இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே கதவைப் பார்த்தார். பாட்டு உச்சத்துக்குப் போனபோது யெசேனியா போனில் விளக்கைப் போட்டுக்கொண்டு படிகளில் ஓடிவந்தாள். வரிசை முழுக்க முணுமுணுத்தது. அவள் யாருடைய காலையோ மிதித்துக்கொண்டு வந்து கோராவின் முன்னால் மண்டியிட்டாள்.

"எவ்ளோ நேரமா இப்படி இருக்காங்க?"

"தெரியல. கூப்பிட்டேன். பதிலே சொல்லல யெசேனியா, பதிலே சொல்லல."

நாயகி கடைசிச் சுரத்தைப் பிடித்தாள். இழுத்தாள். நெருப்பு வானம்வரை எழுந்தது. திரை சட்டென்று கருப்பானது. வெள்ளை எழுத்தில் 'முதல் பாகம் நிறைந்தது' என்று வந்தது. அதற்குக் கீழே, 'அடுத்த டிசம்பரில் தொடரும்'.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மர்வின் அந்த எழுத்துகளை வாசித்தார். வாசித்தது உள்ளே போகவில்லை.

யெசேனியா கோராவின் முஷ்டியைப் பிரித்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. கட்டைவிரலை முதலில் எடுத்தால் மற்றது தானாக வரும். உள்ளங்கையில் இரண்டு காது மெஷின்கள் இருந்தன.

விளக்குகள் எரிந்தன. கோரா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"நம்ம சீன் வந்துருச்சா?"

யெசேனியா ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். பிரார்த்தனை மாதிரி ஆரம்பித்துத் திட்டு மாதிரி முடிந்தது. மர்வின் பாதிச் சிரிப்பும் பாதி விக்கலுமாகக் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

யெசேனியா மெஷின்களைக் கோராவின் காதில் பொருத்தினாள். "ஏன் மிஸ் கோரா கழட்டுனீங்க? அவரு பயத்துல செத்தே போயிருப்பாரு."

"அந்தப் பொண்ணு என் பாட்ட அரைச் சுரம் எறக்கிப் பாடுது. கேக்க முடியல." கோரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன, இடைவேளையா? இந்தக் காலத்துலயும் இடைவேளை விடறாங்களா? தேவலையே."

"இடைவேளைதான்," என்றார் மர்வின்.

"எவ்ளோ நேரம்?"

யெசேனியாதான் சொன்னாள். "ரெண்டு பாகமா எடுத்திருக்காங்க மிஸ் கோரா. மிச்சம் அடுத்த வருஷம். எல்லாருக்கும் தெரியுமே, போன்ல எப்பலேர்ந்தோ ஓடுது. ஒங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சேன்."

முன் வரிசைக் கிரீடக்காரி கண்ணீரும் சிரிப்புமாகத் தன் தோழியைக் கட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு மூணு மணி நேரம் பத்தவே இல்லடீ. நல்லவேள, இன்னும் ஒரு பாகம் இருக்கு. அடுத்த வருஷம் இதே தியேட்டர், இதே சீட்டு." ஒரு வருஷத்தைக் கைப்பையைத் தோளில் மாட்டுகிற மாதிரி சுலபமாக மாட்டிக்கொண்டு அவள் போனாள்.

கோரா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழைப்பு வரல கோரா," என்றார் மர்வின். "நான் பொய் சொன்னேன். வெட்டிட்டான்னு நெனச்சேன். ஒருவேள ரெண்டாம் பாகத்துல இருக்கறதாலதான் கூப்பிடலையோ என்னமோ. ஒருவேள நெஜமாவே வெட்டியும் இருக்கலாம். எனக்குத் தெரியல."

"வரலேன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"வந்திருந்தா நீ ஜன்னலத் தெறந்து தெருவுக்கே கத்தியிருப்ப." அவள் தடியின் கைப்பிடியைத் தடவினாள். "அரைச் சுரமெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணு நல்லாத்தான் பாடுச்சு. பாட்டு ஒவ்வொண்ணா முடிய முடிய, நம்மளது கிட்ட வருதேன்னு பயமாருந்துச்சு. வந்து, நாம இல்லாமப் போயிட்டா? அதான் கழட்டி கைல வச்சுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டேன். நீ எழுப்புனாப் பாத்துக்கலாம்னு. மாத்திரை போட்டது வேற, அப்படியே அசந்து தூங்கிட்டேன்."

அரங்கம் காலியாகிவிட்டது. துடைப்பத்தோடு இரண்டு பேர் வந்து, சிந்திக்கிடந்த சோளப்பொரியைக் கூட்டிக்கொண்டே இவர்களைப் பார்த்தார்கள். திரையில் பெயர்கள் ஊர்ந்து முடிந்தன. அவற்றில் இவர்கள் பெயர் இல்லை. இந்தப் பாகத்தில் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

வசந்தத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் வேண்டாம் என்றான் டாக்டர். அடுத்த டிசம்பர் என்பது வசந்தத்தையும் கோடையையும் தாண்டி, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கூவிப் பார்த்த மேடை நிர்வாகி எவனும் கிடையாது. கூவி, பதில் வராவிட்டால் என்ன செய்வது?

ஆனாலும் எழுந்து நின்றார். அவள் இருக்கையின் கைப்பிடியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"மிஸ் டெலானி," என்றார். செருமிக்கொண்டு மறுபடி சொன்னார். "மிஸ் டெலானி, ஒரு வருஷம்."

யெசேனியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோரா கோட்டுப் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டாள். காலரைச் சரிசெய்தாள். பதில் சொன்னால் வந்தாகவேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று அவருக்கும் தெரிந்தது.

மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"நன்றி," என்றாள். "ஒரு வருஷம்."

பிறகு தடியால் அவர் கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்ப போயா. ரொம்ப நேரமா கால மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு நிக்கற. பாத்ரூம் அந்தப் பக்கம். அஞ்சு நிமிஷம்."

"நன்றி, அஞ்சு நிமிஷம்," என்றார் மர்வின், முழங்கால் அனுமதித்த வேகத்தில் நடந்துகொண்டே. கதவருகே போய் நின்று, அவள் உட்கார்ந்திருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.